பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் உத்திரமேரூர்ப் பக்கம் முதலில் மாற்றப்படுவது பேட்டரிதான். புதுசு போட்டதும் வண்டி கிளம்பிவிடும். கோளாறு சார்ஜ் ஏறாததில் இருந்தால் அந்தப் புதுசும் சீக்கிரமே இறங்கிவிடும். கொடுத்த பணம் வீண். பழுது பேட்டரியிலா, மேக்னட் காயிலிலா, ரெகுலேட்டரிலா என்று பிரித்துப் பார்க்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடி-830டி மல்டிமீட்டரே போதும். ஷோரூம் தூரமாக இருக்கும் சாலவாக்கம், மானாம்பதி போன்ற ஊர்களில் வண்டி வைத்திருப்பவர்கள் இதை வாங்கி வைப்பது நல்லது.

குமிழை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6-க்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் காலி. நிறைந்த பேட்டரியே செல்ஃப் பட்டனை அழுத்தும்போது 10-க்கும் கீழே சரிந்தால் அது தளர்ந்துவிட்டது. அடுத்ததுதான் முக்கியமான அளவு. இன்ஜின் ஓட, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். 12.3-லேயே கிடந்து மெல்ல இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்து வீணாகும். ஐடிலிங்கில் மட்டும் 13-ஐத் தொடாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், சின்ன வண்டிகளில் அது சகஜம்.

ஹெட்லைட் வெளிச்சத்தையும் ஹாரன் சத்தத்தையும் வைத்தே அனுபவமுள்ள மெக்கானிக் சொல்லிவிடுவாரே என்பார்கள். பல்பு காலத்தில் அது சரி. எல்இடி விளக்கோ வோல்டேஜ் குறைந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி எரியும். ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கும் பழைய வழியும் இருக்கிறது. ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோலை ஊற்றுவது ஈசியூ என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி; ஒயரைக் கழற்றும் நொடியில் எகிறும் வோல்டேஜ் அதைச் சுட்டுவிடக்கூடும். அதன் விலைக்குப் பல பேட்டரிகள் வாங்கலாம். தினமும் ஓடும் வண்டியில் சார்ஜ் தானே ஏறிவிடும் என்பதும் முழு உண்மையில்லை. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. 35 வாட் பல்பு ஒன்றே கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். பால் சொசைட்டிக்கும் கடைத்தெருவுக்கும் நாலு முறை நின்று கிளம்பும் ஓட்டத்தில், செல்ஃப் எடுத்த கரண்ட்டே திரும்ப ஏறாமல் போகலாம்.

இந்த மீட்டரிலும் குறை உண்டு. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் அளவைக் கூட்டிக் காட்டும், 12.2 இருக்கும் இடத்தில் 13-க்கு மேல் கண்டு ஏமாறலாம். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகியபடி பேட்டரியைத் தொட்டால் நேரடி ஷார்ட்தான். சார்ஜ் ஏறவில்லை என்று காட்டினாலும் உடனே காயில் வாங்க ஓட வேண்டாம்: முதலில் ஃபியூஸைப் பாருங்கள், டெர்மினலில் பூத்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, போல்ட்டை முறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.