ஆயிரம் டாலர் பாலி: ஒரு எண்ணைப் பிரித்துப் பார்த்தல்

"மாதம் ஆயிரம் டாலரில் பாலி" என்கிற மாதிரி தலைப்போடு வரும் கட்டுரைகளையும் வீடியோக்களையும் நான் ஒரு இலக்கிய வகையாகத்தான் படிக்கிறேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. துப்பறியும் கதைக்கு ஒரு இலக்கணம் இருப்பது போல இதற்கும் ஒன்று இருக்கு. முதலில் நெல்வயல் தெரியும் வராந்தா, அப்புறம் ஒரு அட்டவணை, கடைசியில் ஒரு எண். வாடகை இவ்வளவு, ஸ்கூட்டர் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, ஆகமொத்தம் ஆயிரம். 2025 மாற்று விகிதத்தில் இந்திய ரூபாயில் ஏறக்குறைய 87,000. நம்ம ஐடி நண்பர்கள் "ஆறு மாசம் பிரேக் எடுத்துட்டுப் போயிடலாமா" என்று யோசிக்க ஆரம்பிப்பது அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான். பல வருஷச் சேமிப்பை வைத்து எடுக்கிற முடிவு இது. அதனால் அந்த எண் எப்படி உருவாகிறது என்று பார்ப்பது அவசியம்.

இந்த வகை எழுத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. டோனி வீலரும் மோரீன் வீலரும் சிங்கப்பூர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து எழுதி 1975-ல் வெளியிட்ட 'சவுத் ஈஸ்ட் ஏஷியா ஆன் எ ஷூஸ்ட்ரிங்' அதில் முக்கியமான ஒன்று. மஞ்சள் அட்டைக்காக அதை 'மஞ்சள் பைபிள்' என்றே அழைத்தார்கள். அது ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருப்பவனுக்கான புத்தகம். இன்று பாலியில் தங்கிவிடு, அங்கிருந்தே வேலை பார் என்கிறார்கள். கேள்வி மாறிவிட்டது, விடை சொல்லும் முறை மட்டும் மாறவில்லை. நகர்கிறவனுக்குத் தினச் செலவு சரியான அளவு. தங்குகிறவனுக்கு அது தப்பான அளவு.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் வந்திறங்கி வாங்கும் விசா 5 லட்சம் ரூபியா. ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறக்குறைய 190 ரூபியா என்று வைத்துக்கொண்டால் சுமார் 2,600 ரூபாய். 30 நாள் செல்லும். இன்னொரு 5 லட்சம் கட்டி ஒரே ஒரு தடவை 30 நாள் நீட்டிக்கலாம். 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 1.5 லட்சம் ரூபியா பாலி வரி வேறு. ஏழு நாள் போகிறவருக்கு விசாவும் வரியும் சேர்த்து 6.5 லட்சம், அதாவது நாளுக்கு 93,000 ரூபியா. அறுபது நாள் இருப்பவருக்கு 11.5 லட்சம், நாளுக்கு 19,000 தான். அதே தீவு, அதே கட்டணங்கள். வகுக்கும் எண் மாறியதும் செலவு ஐந்தில் ஒன்றாகிவிட்டது.

"அப்ப அதிக நாள் இருந்தா லாபம்தானே?" இல்லை. அறுபத்தோராம் நாள் இந்தக் கோடு படிக்கட்டு மாதிரி மேலே ஏறும். நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பணும். விமான டிக்கெட், புது விசா, புது வரி எல்லாம் முதலிலிருந்து. போகாமல் இருந்துவிட்டால் ஒரு நாளைக்கு 10 லட்சம் ரூபியா அபராதம், சுமார் 5,300 இந்திய ரூபாய். அட்டவணை போடுகிறவர்கள் 'ஒரு மாதம்' என்ற அலகைத் தேர்ந்தெடுப்பதால் இந்தப் படிக்கட்டு கண்ணிலேயே படாது. ஒரு மாதத்தை ஆறால் பெருக்கினால் ஆறு மாதம் வந்துவிடாது.

வாடகையிலும் இதே கதைதான். வீடியோவில் சொல்கிற மலிவான மாத வாடகை பல நேரம் ஆண்டுக் குத்தகையைப் பன்னிரண்டால் வகுத்து வந்தது. அங்கே ஆண்டுக் குத்தகை என்றால் வழக்கமாக முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்கணும். பட்ஜெட் அட்டவணைக்கு அது மாதச் செலவு, உங்கள் வங்கிக் கணக்குக்கு அது முதல் நாளே போகிற மொத்தத் தொகை. உணவக மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். 10 சதவீத சேவைக் கட்டணம், அதன் மேல் 10 சதவீத வரி என்று அர்த்தம். ஒரு லட்சம் என்று போட்டது பில்லில் 1,21,000 ஆக வரும்.

அடுத்தது, சராசரி. சர்வர் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், சராசரி லேட்டன்சியை மட்டும் பார்த்து யாரும் சிஸ்டம் வடிவமைக்க மாட்டார்கள், பி99-ஐப் பார்ப்பார்கள். பாலியில் ஸ்கூட்டர் வாடகை அட்டவணையில் ஒரு சின்ன வரி. விழுந்து கை ஒடிந்தால் வரும் மருத்துவமனை பில்லுக்கு அங்கே வரியே கிடையாது. முறையான இருசக்கர உரிமம் இல்லாமல் ஓட்டினால் பயணக் காப்பீடு பொதுவாகக் கைவிரித்துவிடும். ஆயிரம் டாலர் என்பது எதுவுமே தப்பாகாத மாதத்தின் விலை.

இந்த வகையில் நான் மதிக்கிற புத்தகம், பலர் கேலி செய்கிற எலிசபெத் கில்பர்ட்டின் 'ஈட், பிரே, லவ்' (2006). அதை ஆன்மிக சுயதேடல் என்று படிக்கிறார்கள். கணக்குப் புத்தகமாகப் படித்துப் பாருங்கள், நேர்மை தெரியும். பயணத்துக்கான பணம் பதிப்பாளர் கொடுத்த முன்பணம் என்பதை அவரே சொல்லிவிடுகிறார். நான்கு மாதம் என்று திட்டமிட்டு வந்தவருக்கு விமான நிலையத்தில் ஒரு மாத விசாதான் கிடைக்கிறது, அதையும் எழுதுகிறார். உள்ளூர்ப் பெண் ஒருவருக்கு வீடு அமைய நண்பர்களிடம் சுமார் 18,000 டாலர் திரட்டுகிறார். பணம் கையில் இருந்தும் நிலம் வாங்குவது இழுத்துக்கொண்டே போகிறது. பாலியில் உண்மையிலேயே விலை உயர்ந்த பொருள் நிலம் என்பது அந்த அத்தியாயங்களில் தெரிந்துவிடுகிறது. பின்னால் வந்த ஆயிரம் டாலர் எழுத்துகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த இரண்டும்தான்: பணம் எங்கிருந்து வருகிறது, நிலம் யாருடையது.

2021 ஜனவரியில் இது வெடித்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1,300 டாலர் வாடகை, பாலியில் 400 தான் என்று ட்விட்டரில் எழுதி, அதே வாழ்க்கைக்கு வழிகாட்டும் மின்னூலை 30 டாலருக்கு விற்ற ஒரு அமெரிக்கப் பெண்ணை இந்தோனேசியா நாடு கடத்தியது. அதிகாரிகள் சொன்ன காரணங்களில் சிலவற்றை, குறிப்பாகப் பாலி தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு இணக்கமான இடம் என்று எழுதியதைக் குற்றமாகச் சொன்னதை, என்னால் ஏற்க முடியாது. ஆனால் உள்ளூர்க்காரர்களின் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. சுற்றுலாப் பயணிகளே வராமல் தீவின் வருமானம் படுத்துக் கிடந்த நேரத்தில், அந்த மலிவையே சரக்காக்கி விற்றது அந்த நூல்.

மலிவு யாருக்கு? மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாலி மாகாணத்தின் 2025 குறைந்தபட்ச மாத ஊதியம் சுமார் 30 லட்சம் ரூபியா, கிட்டத்தட்ட 180 டாலர். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவருக்காக அரசு 2024-ல் கொண்டுவந்த ஈ33ஜி விசாவுக்கு ஆண்டு வருமானம் 60,000 டாலர் காட்டணும், அதாவது மாதம் 5,000. நடுவில் தொங்குகிறது நம்ம ஆயிரம். உள்ளூர்த் தொழிலாளியின் ஐந்து மாதக் கூலிக்கு மேல், அரசு கேட்கிற வருமானத்தில் ஐந்தில் ஒன்று. சுற்றுலா விசாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கலாம் என்ற எடுகோள் அந்த எண்ணுக்குள் சத்தமில்லாமல் இருக்கிறது.

இன்னொரு செலவு எந்தத் தனிநபர் அட்டவணையிலும் வராது. பாலியின் சுபக் பாசன அமைப்பு 2012 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். ஸ்டீபன் லான்சிங் 1991-ல் எழுதிய 'பிரீஸ்ட்ஸ் அண்ட் புரோகிராமர்ஸ்', எந்த வயல்களுக்கு எப்போது தண்ணீர், எப்போது தரிசு என்று நீர்க்கோயில்கள் வழியாக விவசாயிகள் ஒத்திசைந்து முடிவெடுப்பதைக் காட்டியது. எல்லோரும் ஒன்றாகத் தரிசு விட்டால் பூச்சிக்கு உணவில்லை. இப்படி இயங்கும் அமைப்பில் ஒரு வயல் வில்லாவானால், போவது ஒரு வயல் மட்டும் அல்ல. நெல்வயல் தெரியும் வராந்தா என்று வீடியோ விற்கிற காட்சியைப் பராமரிப்பது இந்த அமைப்புதான்.

பாலிக்குப் போகாதீங்க என்று சொல்ல வரவில்லை. பட்ஜெட் கட்டுரை படிக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை நாளால் வகுத்தது? எந்த விசாவில்? எழுதியவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, பாலியிலிருந்தா, பாலியைப் பற்றிய வீடியோவிலிருந்தா? ஒரு கெட்ட மாதத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்? நான்குக்கும் பதில் இருந்தால் அதை நம்பித் திட்டமிடலாம். இல்லையென்றால் அதைப் பயண இலக்கியமாகப் படிச்சு ரசிங்க, சேமிப்பில் மட்டும் கை வைக்காதீங்க.