திரைவழி ஆங்கிலமும் செவிவழிக் கல்வியும்

பாடசாலை மூடப்பட்ட நாட்களில் ஆங்கில வகுப்பை நிகழ்நிலையில் நடாத்தியமை பற்றி இதுவரை எழுந்த கருத்துகளுட் பெரும்பாலானவை கருவியைப் பற்றியவை. தொலைபேசி இருந்ததா, சிக்னல் கிடைத்ததா, டேட்டாவுக்குப் பணம் இருந்ததா என்பனவே அவற்றின் வினாக்கள். இவை தேவையற்ற வினாக்கள் அல்ல. ஆயின், கருவி கிடைத்த மாணவனுக்கு ஆங்கிலம் கிடைத்ததா என்னும் வினா அவற்றினடியில் மறைந்து போயிற்று. கணிதத்துக்கும் சமயத்துக்கும் இவ்வினா அத்துணைக் கூர்மையாய் எழாது. அப்பாடங்களைத் தாய்மொழியில் அச்சிட்ட பக்கமே ஓரளவு கற்பித்துவிடும். ஆங்கிலமோ, வீட்டிலும் வீதியிலும் அதனைக் கேளாத பிள்ளைக்கு, ஆசிரியரின் வாயிலன்றி வேறெங்கும் இல்லாத பொருள். அவ்வாய் மூடப்பட்டபோது அப்பிள்ளைக்கு எஞ்சியது யாது என்பதே ஆராயத்தக்கது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத நடுப்பகுதியில் இலங்கைப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அவ்வாண்டின் நடுவிற் படிப்படியாகத் திறக்கப்பட்டு, ஒக்டோபரில் மீண்டும் மூடப்பட்டன. 2021 ஏப்ரல் இறுதியில் மறுபடியும் பூட்டிய கதவுகள் அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி வரை திறக்கப்படவில்லை; அன்றும் சிறிய ஆரம்பப் பாடசாலைகளே திறந்தன. இதனிடையே, சம்பள முரண்பாடு முதலிய காரணங்களை முன்னிட்டு ஆசிரியர் சங்கங்கள் 2021 ஜூலை 12ஆம் திகதி தொடக்கம் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்தும் விலகி நின்றன. தரம் 1, 2 ஆகிய வகுப்புகளில் ஆங்கிலம் வாய்மொழியாகவும் செயல்வழியாகவும் அறிமுகமாகி, தரம் 3 முதற் பாடநூலோடு முறையாய்த் தொடங்குவது இந்நாட்டு ஒழுங்கு. 2020 சனவரியிற் தரம் 3இற் கால்வைத்த பிள்ளை, பாடசாலை முதன்முறை மூடப்படுமுன் தன் முதல் ஆங்கிலப் பாடநூலை ஆசிரியரோடு ஏறத்தாழ இரண்டு மாதங்களே வாசித்தது.

கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளமும் தொலைக்காட்சிப் பாடங்களும் இருந்தனவெனினும், நடைமுறையில் வகுப்பறையின் இடத்தைப் பிடித்தவை வட்ஸ்அப்பும் சூமுமே. இவற்றுள் சூம் நகரத்துக்கும் வசதிக்கும் உரியதாயிற்று. கட்டணமின்றிப் பயன்படுத்துவோரின் கூட்டத்தை நாற்பது நிமிடத்தில் அது தானே முடித்துவிடும். வட்ஸ்அப் ஊர்தோறும் சென்றது. கணினி உள்ள வீடு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே என்றிருந்த நாட்டில், கைத்தொலைபேசி ஒன்றே கரும்பலகையும் பாடநூலும் ஆயிற்று. அத்தொலைபேசியும் தந்தையோடு காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் முறை வைத்துப் பார்த்தனர். பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ என்னும் ஊரில் மாணவரும் ஆசிரியையும் சிக்னலைத் தேடிக் காடு கடந்து பாறையுச்சிக்கு ஏறிச் சென்ற செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளிலும் வெளியாயிற்று. இத்துன்பங்கள் பலராலும் பேசப்பட்டவையாதலின் இங்கு விரித்தல் வேண்டா.

பேசப்படாதது ஒலி. ஆங்கிலத்தின் எவ், எஸ், தீ எச் முதலிய உரசொலிகள் பேச்சொலிகளுள் மெலிந்தவை. அவற்றுட் சிலவற்றின் ஆற்றல் உயர்ந்த அதிர்வெண்களிலேயே தங்கியிருப்பது. பழைய கம்பித் தொலைபேசி ஏறத்தாழ 3,400 அதிர்வுக்கு மேற்பட்டவற்றை வெட்டிவிடும் என்பதும், அதனாலேயே எவ்வும் எஸ்ஸும் அதில் மயங்கின என்பதும் அறிந்த செய்தி. புதிய செயலிகள் அதனினும் அகன்ற ஒலியைக் கடத்த வல்லனவாயினும், சிக்னல் நலியும்போது ஒலியை நெருக்கியே அனுப்புகின்றன. பின்னணி இரைச்சலை நீக்கும் ஏற்பாடு இம்மெல்லொலிகளையும் இரைச்சலெனக் கருதித் தேய்த்துவிடுவதுண்டு. ஆங்கிலம் அறிந்தவன் கேளாத ஒலியைப் பொருளறிவால் நிரப்பிக்கொள்வான். அறியாதவன் எதனைக் கொண்டு நிரப்புவான்?

தமிழ்ப் பிள்ளைக்கு இவ்விடர் இருமடங்கு. பகரம் ஒன்றே தமிழில் ஆங்கிலத்தின் மூன்று ஒலிகளுக்கு நிற்கின்றது. இந்நாட்டுத் தமிழ்ச் சிறுவனுக்குப் 'பான்' என்பது கடையில் வாங்கி உண்ணும் பொருள். காற்றாடிக்கும் பொரிக்குஞ் சட்டிக்கும் உரிய ஆங்கிலச் சொற்களும் அவன் கொப்பியில் அவ்வெழுத்துகளாலேயே எழுதப்படும். இவற்றின் வேறுபாட்டை வகுப்பறையில் அவன் காதால் மட்டுமன்றிக் கண்ணாலும் கற்கின்றான். ஆசிரியை கீழுதட்டை மேற்பல்லிற் பொருத்திக் காட்டுகின்றார்; பிள்ளை அதனைப் பார்த்துத் தன் உதட்டைக் கடித்துச் சிரித்துக்கொண்டே சொல்கின்றது. எழுத்துகள் பிறக்குமிடத்தை இதழ், நா, பல், அண்ணம் என வகுத்துரைத்த தொல்காப்பியப் பிறப்பியலைத் தன் இலக்கணத்தின் முற்பகுதியிலேயே வைத்துப் போற்றும் ஒரு சமுதாயத்துக்கு, வாயைக் காணாது ஒலியைக் கற்பித்தல் ஆகாது என்பது புதிதாய்ச் சொல்ல வேண்டிய செய்தியன்று. எனினும் டேட்டாவைச் சேமிக்குமாறு முதலிற் சொல்லப்பட்ட அறிவுரை கமெராவை அணைத்துவிடுக என்பதே. இரண்டாவது அறிவுரை ஒலிவாங்கியை அணைத்துவிடுக என்பது. இவ்விரண்டையும் ஒழுங்காய்க் கடைப்பிடித்த மாணவனே அக்காலத்து நல்ல மாணவன். அவன் ஆண்டு முழுவதும் ஆங்கிலத்தில் வாய் திறவாதவன்.

மாணவர்க்கு அளிக்கப்பட்ட வழிகாட்டலின் குறை இங்கேயே தொடங்குகின்றது. எந்த இணைப்பை அழுத்துவது, எப்படி உள்நுழைவது, ஒப்படையை எவ்வாறு படமெடுத்து அனுப்புவது என்று கற்பித்தனர். கொப்பிப் பக்கத்தின் படம் ஆசிரியையின் தொலைபேசிக்கு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தது. அவற்றுட் பல ஒரே விடையை ஒரே பிழையோடு கொண்டிருந்தன. ஒருவர் எழுதியது குழுவெங்கும் பரவியிருந்தது. அவ்வாசிரியையரைக் குறைகூறுதல் அறமன்று. தம் கைப்பணத்தில் ரீலோட் செய்து, நள்ளிரவு வரை சிறு திரையிற் கையெழுத்தைப் பெருப்பித்துப் பார்த்துத் திருத்தியவர் பலர். குறை யாதெனில், வகுப்பறையின் எழுத்துவேலை மட்டும் திரைக்கு மாற்றப்பட்டு, அதன் பேச்சு அங்கேயே விடப்பட்டமை.

வேடிக்கை யாதெனில், பேச்சுக்குரிய ஆங்கிலம் அத்திரையிலேயே கிடந்தது. இறந்தகாலம், நிகழ்காலம் என அட்டவணை போட்டு மாணவன் கொப்பியிற் பிரதி செய்துகொண்டிருந்த வேளையில், அவன் தொலைபேசியின் மேற்புறத்தில் 'ரைப்பிங்' என்னும் சொல் தோன்றி மறைந்தது. ஒருவர் இப்பொழுது எழுதிக்கொண்டிருக்கின்றார் என்பதே அதன் பொருள். தொடர் நிகழ்காலத்துக்கு இதனினும் உயிருள்ள எடுத்துக்காட்டு எப்பாடநூலில் உண்டு? ஆசிரியை பிழையாய் அனுப்பியதை அழித்தபோது 'திஸ் மெசேஜ் வாஸ் டிலீற்றட்' என்ற வாக்கியம் எல்லாப் பிள்ளைகளின் திரையிலும் நின்றது. தரம் 10இல் மாணவரை வருத்தும் செயப்பாட்டு வினை அதுவே. வகுப்புத் தொடங்கும்போது 'கான் யூ ஹியர் மீ?' என்று கேட்கப்பட்டது. அதற்கு ஒரு பிள்ளை விடை சொன்னது. அந்நாளைய வகுப்பில் உண்மையான தேவையினாற் பிறந்த ஆங்கில உரையாடல் அஃது ஒன்றேயாக இருத்தலுங் கூடும். ஆனால் அது பாடமெனக் கருதப்படவில்லை. பாடந் தொடங்குமுன் தீர்க்கவேண்டிய தொல்லையெனவே கருதப்பட்டது.

'மியூட்', 'ஜொயின்', 'சப்மிற்' ஆகிய சொற்களைப் பெரும்பாலான பிள்ளைகள் பொருளறியாமலே அழுத்தப் பழகினர். இவற்றை ஒரு கிழமை பாடமாக்கியிருப்பின், கருவியைக் கையாளும் திறனும் மொழியும் ஒருங்கே வந்திருக்கும். அறிவுறுத்தல்களை ஆங்கிலத்தில் மட்டுமே அனுப்புவது பிள்ளையை மொழிக்குட் தள்ளும் என்று வாதிப்பாருமுளர். வகுப்பறையில் அவ்வாதம் பொருந்தும்; அங்கு ஆசிரியையின் கையும் முகமும் பக்கத்திலிருக்கும் தோழனும் பொருளைக் காட்டுவர். தனியறையிற் சிறு திரையை நோக்கியிருக்கும் பிள்ளை, விளங்காத அறிவுறுத்தலைக் கண்டு செய்வது ஒன்றே, மூடிவிடுவது. ஆதலின் செய்யவேண்டியதைத் தமிழிலும், கற்கவேண்டியதை ஆங்கிலத்திலும் தருதலே தக்கது.

இனி, இக்காலத்தின் பேறு ஒன்றையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. அது குரற்பதிவு. காணொளிக் கூட்டம் ஒரு மணி நேரத்திற் பல நூறு மெகாபைட்டை விழுங்குவது. ஒரு நிமிடக் குரற்பதிவுக்கு ஒரு மெகாபைட்டும் வேண்டா. தந்தை மாலையில் தொலைபேசியோடு வந்த பின்னரும் அதனைக் கேட்கலாம். ஒருமுறை விளங்காதது மறுமுறை விளங்கும். பாடத்தை இருமுறை கேட்பவன் பிழை பெரிதும் நீங்குவான் என்றும், மும்முறை கேட்பவன் பிறர்க்கு எடுத்துரைக்கும் முறையும் அறிவான் என்றும் நன்னூற் பொதுப்பாயிரம் வகுத்த ஒழுங்கு, வட்ஸ்அப்பிற் சிறு முக்கோணக் குறியொன்றை மீண்டும் தொடுவதில் அடங்கிவிட்டது. அனுப்பும் பக்கத்திலோ இதன் நன்மை இன்னும் பெரிது. நாற்பது பேர் முன்னிலையில் எழுந்து ஆங்கிலம் பேச நாணும் பிள்ளை, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாக்கியத்தை ஐந்துமுறை பதிந்து, நான்கை அழித்து, ஐந்தாவதை அனுப்பலாம். வகுப்பறையில் என்றுமே ஒலித்திராத குரல்கள் இவ்வழியே ஆசிரியரை எட்டத்தக்கன.

குரற்பதிவைக் கேட்டுத் திருத்துவது கொப்பியைத் திருத்துவதினும் கடினமன்றோ எனின், அன்று. நாற்பது பிள்ளைகள் அரை நிமிடம் வீதம் பேசினால் இருபது நிமிடத்திற் கேட்டு முடியும். வீட்டில் ஆங்கிலம் அறிந்தார் இல்லையே எனின், அதற்கும் விடையுண்டு. ஆங்கிலம் அறியாத தாயும், பிள்ளை தடையின்றி வாசிக்கின்றதா, ஆசிரியையின் பதிவைப் போல வாசிக்கின்றதா என்பதைக் காதால் அறிவாள். பண்ணிசை அறியாதவரும் தேவாரம் ஓதும் பிள்ளை சுருதி தப்பினால் முகஞ் சுளிப்பதில்லையா?

இவ்வாறு செய்த ஆசிரியர் இருந்தனர். ஆயின் அது தனிப்பட்டவர்தம் சூழ்ச்சித் திறனாய் நின்றதேயன்றி, முறையாய் வகுக்கப்படவில்லை. காரணம் பரீட்சையிலுள்ளது. க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாள் வாசிப்பையும் எழுத்தையும் சோதிப்பது. மாணவன் கேட்பதையும் பேசுவதையும் அது சோதிப்பதில்லை. 2020ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2021 மார்ச்சிலும், 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 மேயிலும் நடாத்தப்பட்டன. அவற்றின் பெறுபேறுகளைக் கொண்டு பாடசாலை மூடியதனால் ஆங்கிலத்துக்கு நேர்ந்த இழப்பை அளக்க முற்படுவார், அளவுகோலில் இல்லாத ஒன்றை அளக்க முற்படுகின்றனர். வாய் திறவாது இரண்டாண்டு கழித்த மாணவனும் அத்தாளில் நல்ல சித்தி பெறலாம்.

2022 ஜூன் மாதத்தில் எரிபொருட் பஞ்சத்தாற் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டபோது, நோய்க்காலத்து வட்ஸ்அப் குழுக்கள் மீண்டும் உயிர்பெற்றன. முதல் நாளே அவற்றில் வந்தவை பாடநூற் பக்கங்களின் படங்கள். அவற்றின் கீழே, பயிற்சியைக் கொப்பியிற் செய்து படமெடுத்து அனுப்புக என்னும் பழைய அறிவுறுத்தல்.