கொடுப்பவர் நாவும் குழந்தையின் தட்டும்

பசி வயிற்றின் குரல். ருசி நாவின் ஆசை. இரண்டும் ஓர் உடலில் குடியிருப்பவைதாம். ஆனால், ஒரு வீட்டில் இரண்டும் சேர்ந்து வாழ்வது அரிது. பசி புகுந்த வீட்டில் ருசியைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. ருசியைப் பற்றிப் பேசும் வீட்டுக்குப் பசியின் முகவரி தெரிவதில்லை. இவ்விரண்டுக்கும் மணம் முடித்து வைக்க முயல்கிறது இன்றைய நாகரிகம். 'வகைவகையான உணவைச் சுவைத்துப் பாருங்கள், பானங்களைப் பருகிப் பாருங்கள். நீங்கள் செலுத்தும் நுழைவுக் கட்டணம் பசித்த குழந்தைக்குப் போய்ச் சேரும்' என்பதே அந்தத் திருமணத்தின் அழைப்பிதழ்.

இம்முறை ஓங்கி வளர்ந்த இடம் அமெரிக்கா. எத்தியோப்பியப் பஞ்சம் உலகை உலுக்கிய 1984ஆம் ஆண்டில், பில் ஷோரும் அவர் உடன்பிறந்த டெபி ஷோரும் 'ஷேர் அவர் ஸ்ட்ரெங்த்' என்ற அமைப்பைத் தொடங்கினர். 1988 முதல் 'டேஸ்ட் ஆஃப் தி நேஷன்' என்ற பெயரில் ஊர் ஊராகச் சுவை விழாக்கள் நடந்தன. பெயர் பெற்ற சமையற்கலைஞர்கள் கூலி வாங்காமல் சமைத்தார்கள். வசதி படைத்தவர்கள் சீட்டு வாங்கிச் சுவைத்தார்கள். திரண்ட பணம் பசி ஒழிப்புப் பணிக்குச் சென்றது.

இதை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. கையில் உள்ளதைக் கொடுப்பவரைக் கல்லால் அடிப்பது பகுத்தறிவாகாது. பசித்த குழந்தைக்கு இன்று ஒரு கவளம் கிடைக்குமானால், அதை எந்தக் கை கொடுத்தது என்று ஆராய்ந்து முடிக்கும்வரை அந்தக் குழந்தை காத்திருக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது ஒன்றே: கொடுப்பவர் பணத்தை மட்டுந்தான் கொடுக்கிறாரா? பணத்தோடு சேர்த்துத் தம் நாவையும் கொடுத்தனுப்புகிறாரா? குழந்தையின் தட்டில் எது விழலாம், எது விழலாகாது என்று தீர்ப்பளிக்கும் உரிமை கொடைச் சீட்டோடு சேர்ந்து வருகிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பாலாற்றங்கரைக்கு வந்தால் போதும்.

வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இந்த வட்டாரம் இந்தியத் தோல் தொழிலின் முதுகெலும்புகளில் ஒன்று. இங்கே பதப்படும் தோல் காலணியாகிக் கடல் கடந்து போகிறது. பதனிடும் தொட்டியில் நின்று உழைப்போரில் பெரும்பகுதியினர் ஆதித்திராவிடரும் முஸ்லிம்களும். காலணியின் மேற்பகுதியை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கையால் தைத்து, இணைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்கள் தெருவுக்குத் தெரு உண்டு. செல்வம் வெளியே போயிற்று; கழிவு பாலாற்றில் தங்கிற்று. 1996ஆம் ஆண்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 'மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும்' என்று உச்சநீதிமன்றம் உரைத்தது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர் உறக்கத்திலேயே மாண்டனர். இந்த மண்ணின் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளின் உணவைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

ஆம்பூருக்குப் பெயர் தேடித் தந்தவை இரண்டு. ஒன்று தோல், மற்றொன்று பிரியாணி. சீரகச் சம்பா அரிசியில் வெந்து, கத்தரிக்காய்க் குழம்பும் தயிர்ப் பச்சடியும் துணைவர நெடுஞ்சாலைப் பயணிகளை நிறுத்திவைக்கும் பிரியாணி அது. அதன் புகழைப் பரப்பத் திருப்பத்தூர் மாவட்ட நிருவாகம் 2022 மே 13 முதல் 15 வரை பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டது. அது குழந்தைகளின் பசிக்கு நிதி திரட்டும் விழா அன்று; அதை நாம் மறக்கவில்லை. எனினும், நாளை இந்த ஊரில் அப்படியொரு விழா எடுத்தால் அது எந்த வழியில் நடக்கும் என்பதைக் காட்டும் கண்ணாடி அது. ஆட்டிறைச்சிக்கு இடமுண்டு, கோழிக்கும் இடமுண்டு, மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றானது. எதிர்ப்பு எழுந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான மாநில ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழை வரக்கூடும் என்ற காரணத்தோடு விழா தள்ளிவைக்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மாட்டின் தோல் இந்த ஊருக்கு வரலாம். அதை உரித்தவர், ஊறவைத்தவர், பதனிட்டவர், தைத்தவர் எல்லோரும் தொட்டுத் தொழில் செய்யலாம். அது காலணியாகி அயல்நாட்டுப் பணத்தைக் கொண்டுவரலாம். அதைக் காட்சிக்கு வைத்துப் பெருமை பேசலாம். ஆனால், அதே மாட்டின் இறைச்சி அரசு நடத்தும் விழாப் பந்தலுக்குள் நுழையலாகாது! தோலுக்கு வரவேற்பு, இறைச்சிக்கு விலக்கு. எவர் மனமும் புண்படலாகாது என்பதே இத்தகைய விலக்குகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். விலக்கப்பட்டவர் மனம் மட்டும் புண்படாத மனமோ?

தொழிலாளி ஒருவர் தம் குழந்தையைக் கைப்பிடித்து அத்தகைய விழாவுக்கு அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் வீட்டு அடுப்பில் வேகும் உணவைக் குழந்தை அங்கே தேடும், காணாது. 'நம் வீட்டுச் சோறு நாலு பேர் நடுவே வைக்கத் தகாதது' என்ற பாடத்தை அது எவர் வாயும் திறக்காமலே கற்றுக்கொள்ளும். பசி ஒருவேளை வயிற்றைச் சுடும். இந்தப் பாடம் வாழ்நாள் முழுதும் நெஞ்சைச் சுடும். குழந்தைகளின் பசிக்காக என்று விழா எடுத்து, அந்தக் குழந்தைகளின் உணவையே வெட்கத்துக்கு உரியதாக்கினால் அதன் பெயர் அறமா?

இது புதிய நோயன்று. 1924, 25ஆம் ஆண்டுகளில் சேரன்மாதேவி குருகுலத்தில் நடந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. வ. வே. சு. ஐயர் நடத்திய அந்தக் குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரசு 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, 5,000 ரூபாயைக் கொடுத்தும் விட்டது. பொதுப்பணத்தில் நடந்த அந்த இடத்தில் பார்ப்பன மாணவர்க்குத் தனிப்பந்தி! பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் மற்றோரும் எழுப்பிய கேள்வி தமிழக அரசியலின் போக்கையே மாற்றிற்று. பந்தியில் கோடு விழுந்தால் அது மனத்தில் விழுந்த கோடு என்பதை அன்றே கண்டனர் நம் முன்னோர்.

ஒரு நூற்றாண்டு கழிந்தும் கோடு அழியவில்லை. உருவம் மாறி வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு வழங்கும் பொறுப்பு அட்சய பாத்திரா அறக்கட்டளையிடம் தரப்பட்டது. 2020 பிப்ரவரியில் அதன் பெரிய சமையற்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆளுநரின் விருப்ப நிதியிலிருந்து 5 கோடி ரூபாய் அளிக்கப்பட்டது. அந்த அறக்கட்டளையின் சமையலில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, முட்டை இல்லை. உணவின் தூய்மையையோ சமைப்பவர் உழைப்பையோ நாம் குறை கூறவில்லை. சென்னையின் குடிசைப் பகுதியில் பிறந்த பிள்ளை வெங்காயம் உண்ணலாமா, பூண்டு உண்ணலாமா என்பதை ஒரு மத நெறியின் சமையல் விதி ஏன் முடிவு செய்ய வேண்டும்? இதுவே கேள்வி. கொடுப்பவர் நா குழந்தையின் தட்டில் ஏறி அமர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தப் பெயரே நம்மை இலக்கியத்துக்கு அழைத்துச் செல்கிறது. வற்றாத உணவுக் கலம் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது மணிமேகலையின் அமுதசுரபி. சீத்தலைச் சாத்தனாரின் அந்தக் காப்பியத்தைப் பசிப்பிணி தீர்க்கும் காப்பியம் என்று போற்றுகிறோம், போற்றத் தக்கதே. ஆயினும், பகுத்தறிவுக் கண்கொண்டு படிப்போர்க்கு அதில் இரண்டு மணிமேகலைகள் தெரிகின்றனர். முதலாமவள் கையில் கலம் ஏந்தி நிற்கிறாள். ஆதிரை என்ற கற்புடையாள் பிச்சையிட்ட பிறகே அக்கலம் சுரக்கத் தொடங்குகிறது. காயசண்டிகையின் தீராப் பசிக்கு ஒரு முனிவரின் சாபம் காரணமாகச் சொல்லப்படுகிறது. பசிக்குக் காரணம் சாபம், பசி தீர வழி அற்புதம்! கூலி, நிலம், விலை ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை. இந்த மணிமேகலையை நாம் வணங்கத் தேவையில்லை.

இரண்டாமவள் அரசனிடம் பேசிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். அற்புதக் கலத்தைவிட அருமையான செயல் இது. அடைத்து வைக்க அரசு கட்டிய கட்டடம் உண்டி வழங்கும் கட்டடமாகிறது. பசியை அரசின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்திக் கணக்குக் கேட்கும் மணிமேகலை இவள். நம் புலவர்கள் மேடைதோறும் முதலாமவளைப் பாடுகிறார்கள். நாட்டுக்குத் தேவைப்படுபவள் இரண்டாமவள்.

தமிழகம் செயலில் எடுத்துக்கொண்ட பாதையும் இரண்டாவதே. 1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் ஒப்புதல் தந்தது. ஒரு மாணவர்க்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. 1956இல் காமராசர் ஆட்சியில், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு துணைநிற்க, மதிய உணவு பரவியது. அதன் தொடக்கத்தில் ஊரார் கொடையும் இருந்தது. நெல்லும் காய்கறியும் பணமும் மக்களே தந்தனர். ஆனால், அந்தக் கொடை கொடையாகவே நின்றுவிடவில்லை. அரசின் கணக்கில் ஏறிற்று. 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை வந்தது. 2010இல் அது வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2022 செப்டம்பர் 15 அன்று மு. க. ஸ்டாலின் ஆட்சியில், 1,545 பள்ளிகளில் 1,14,095 பிள்ளைகளுக்குக் காலை உணவு தொடங்கியது. மறு ஆண்டே அது மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மோதின, பிள்ளையின் தட்டு மட்டும் பின்வாங்கவில்லை. எவரும் திரும்பப் பெறத் துணியாத நிலைக்கு ஓர் உணவு வந்தால், அப்போதே அது பிச்சை என்ற பெயரை உதறி உரிமை என்ற பெயரைப் பெறுகிறது.

அமெரிக்காவும் இந்த உண்மையைத் தப்பவில்லை. 1969 சனவரியில் ஓக்லந்து நகரத்து மாதா கோயில் ஒன்றில் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் கருப்பினப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு பரிமாறத் தொடங்கினர். உண்டவர்களும் பரிமாறியவர்களும் ஒரே தெருவினர். 1966இல் சோதனை முயற்சியாக அந்நாட்டு அரசு தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம் 1975இல் நிலைபெற்றது. சுவை விழா நடத்திய அமைப்பே 2010இல் தொடங்கிய தன் இயக்கத்தில், பிள்ளைகளை அந்த அரசுத் திட்டத்தில் சேர்ப்பதைப் பெரும்பணியாக மேற்கொண்டது. சீட்டு விற்று மட்டும் பசியை வெல்ல முடியாது என்பதற்கு அவர்கள் நடைமுறையே சாட்சி.

'அரசின் அடுப்பில் மட்டும் சாதி புகாதோ?' என்று கேட்பார்கள். புகுகிறது, மறைப்பதற்கில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், ஆதித்திராவிடப் பெண் சமைத்த சத்துணவை எங்கள் பிள்ளைகள் உண்ணமாட்டார்கள் என்று சாதி இந்துக்கள் எதிர்த்தனர். அவரை இடம் மாற்றினர். போராட்டம் எழுந்தது, அவர் மீண்டும் அதே பள்ளிக்கு வந்தார், எதிர்த்தோர்மீது வழக்குப் பதிவாயிற்று. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அரசின் அடுப்பில் அநீதி நடந்தால் கேட்க ஆணையம் உண்டு, நீதிமன்றம் உண்டு, வாக்குச்சீட்டு உண்டு. கொடையாளியின் அடுப்பில் நடந்தால்? 'விருப்பமிருந்தால் உண், இல்லையேல் எழுந்து போ' என்பதே அங்கே சட்டம்.

பணி முடிந்துவிட்டது என்று நாம் பெருமை பாடவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறார். 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான பிள்ளைகளில் 57 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை. பள்ளிக்கு வருமுன்பே தேய்ந்துபோகும் உடல்கள் இவை. இவற்றை ஒருநாள் விழா தேற்றாது. நாள்தோறும் அங்கன்வாடியில் வேகும் பருப்பு தேற்றும், முட்டை தேற்றும், திண்ணையில் தைக்கும் தாய்க்குக் கிடைக்கும் நியாயக் கூலி தேற்றும், பாலாற்றில் ஓடும் நல்ல நீர் தேற்றும்.

ஆகவே, தோல் வட்டார இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது. பசித்த குழந்தைகளுக்காக உங்கள் ஊரில் எவரேனும் சுவை விழா எடுத்தால் தடுக்காதீர்கள். உள்ளே போய்க் கேள்வி கேளுங்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் உண்ணும் எல்லா உணவுக்கும் இங்கே இடமுண்டா? திரண்ட பணத்தின் கணக்கு எங்கே? அது பள்ளியின் அடுப்புக்குப் போகிறதா, கொடுப்பவரின் புகழ்ப் பலகைக்குப் போகிறதா? தொழிற்சாலை உரிமையாளர் விழாவுக்குத் தரும் நன்கொடையை, தையற்கூலியில் ஏற்றித் தரலாகாதா? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாக விடை தரும் விழா வாழட்டும். விடை தராத விழாவில் கை கழுவிக்கொண்டு வெளியேறி, அருகிலுள்ள பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குப் போங்கள். முட்டை வந்ததா, பருப்பு வெந்ததா, பந்தி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு வேளை உண்ணுங்கள். குறையிருந்தால் அதிகாரியின் மேசையில் எழுதி வையுங்கள். தீரும்வரை திரும்பத் திரும்பப் போய் நில்லுங்கள்.