ஒளியில் இயங்கும் மருந்தும் வெயிலில் உழைக்கும் தோலும்

மூலக்கூறு இயந்திரங்களுக்காக ழான்-பியேர் சோவாஜ், பிரேசர் ஸ்டோடர்ட், பென் ஃபெரிங்கா ஆகிய மூவருக்கும் 2016-இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது முதல், ஒளி பட்டவுடன் வடிவம் மாறும் மூலக்கூறுகளும் பலபடிகளும் மருத்துவத்தையே மாற்றிவிடும் என்ற பேச்சு ஆய்வு இதழ்களைத் தாண்டி அறிவியல் பத்திரிகைகளிலும் பரவிவிட்டது. மருந்தை உடலுக்குள் உறங்க வைத்து, நோய் கண்ட இடத்தில் மட்டும் ஒளியைப் பாய்ச்சி எழுப்பலாம் என்பதும், அதனால் பிற உறுப்புகள் பக்க விளைவிலிருந்து தப்பும் என்பதும் அந்தப் பேச்சின் சாரம்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தையின் மீது 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி படும்போது, தோலில் தங்கியுள்ள பிலிருபின் வடிவம் மாறி, கல்லீரல் வேதிமாற்றம் செய்யாமலேயே வெளியேறக்கூடிய பொருளாகிறது. 1950-களின் இறுதியில் இங்கிலாந்தில் தொடங்கிய இந்தச் சிகிச்சை காப்பாற்றிய குழந்தைகள் ஏராளம். பல்லை அடைக்கும் பசையும் நீல விளக்கில் நொடிகளில் இறுகிவிடுகிறது. கந்தகத்தையும் ஒவ்வாமை தரும் முடுக்கிகளையும் விலக்கி, ரப்பர் பாலைப் புற ஊதாக் கதிரால் குறுக்குப் பிணைத்துக் கையுறை செய்யும் முறையும் பாராட்டத்தக்கதே. ஆனால் இம்மூன்றிலும் ஒளி கடக்க வேண்டிய தொலைவு மிகச் சிறியது. பல் பசையைக்கூட ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக இட்டே இறுகச் செய்கிறார்கள்.

உடலுக்குள் செல்ல முற்படும்போதுதான் ஒளிமருந்தியல் என்னும் இத்துறை தன் ஆதாரக் குறையை எதிர்கொள்கிறது. ஒளி முதலில் தோலைக் கடக்க வேண்டும். அது யாருடைய தோல் என்ற கேள்வி இத்துறையின் புகழுரைகளில் அனேகமாக எழுவதே இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் பெருமளவு விழுங்கிவிடுகிறது. சிவப்பு ஒளியில்தான் அதன் பசி தணிகிறது. ஒளிமருந்தியலின் செல்லப்பிள்ளையான அசோபென்சீன், தன் அடிப்படை வடிவில், 320 முதல் 350 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிரில் மாறும் மூலக்கூறு. அதாவது கருந்தோல் வாசலிலேயே நிறுத்திவிடும் கதிரை நம்பி நிற்பது. சிவப்பு ஒளிக்கு இசையும் வகைகள் உருவாகியுள்ளன என்பது சரிதான். எனினும் இத்துறையின் சோதனைகளில் பல, மெலனினே இல்லாத வெள்ளெலியின் மழித்த முதுகில் நடந்தவை என்பதை அவற்றின் முடிவுகளைக் கொண்டாடுவோர் சொல்வதில்லை.

இது புதிய குறையும் அன்று. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியில் சோரலென் என்னும் ஒளியுணர் சேர்மம் உண்டு. அதை வெண்புள்ளியில் பூசி வெயில் காட்டுவது பழைய வழக்கம். அதே குடும்பச் சேர்மத்தை மாத்திரையாகக் கொடுத்து, நீள்அலைப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சும் முறை 1970-களில் அமெரிக்காவில் வகுக்கப்பட்டபோது, கதிரின் அளவைத் தீர்மானிப்பதற்காகவே தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் தோல் வகைப் பட்டியலைத் தயாரித்தார். இன்று உலகெங்கும் தோல் மருத்துவர் கையாளும் அந்தப் பட்டியலின் முதல் நான்கு வகைகளும் வெள்ளைத் தோலின் வகைகள். பழுப்பும் கறுப்பும் பின்னரே ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் ஒட்டவைக்கப்பட்டன. வெண்புள்ளிக்கு இப்போது பெரிதும் விரும்பப்படுவது 311 நானோமீட்டர் குறும்பட்டைக் கதிர் சிகிச்சை. அதற்கு ஒளியுணர் மருந்தே தேவையில்லை என்பது இத்துறைக்குச் சற்றுச் சங்கடமான செய்தி.

தோலோடு சிக்கல் முடிவதில்லை, தொழிலும் சேர்ந்துகொள்கிறது. புற்றுக்குத் தரப்படும் போர்ஃபிமர் சோடியம் என்ற ஒளியுணர் மருந்தைப் பெற்றவர் குறைந்தது 30 நாட்கள், சிலர் 90 நாட்கள் வரை, வெயிலிலிருந்தும் கூசும் விளக்கொளியிலிருந்தும் ஒதுங்கியிருக்க வேண்டும். புலப்படும் ஒளியே இம்மருந்தைத் தூண்டுவதால் வெயில் தடுப்புக் களிம்பும் உதவாது. மலேசியாவின் நெகிரி செம்பிலானில் பகாவ் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இந்த நிபந்தனையை வைத்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் இன்று செம்பனையில் குலை வெட்டுகிறார்கள். வெட்டிய குலைக்கு ஏற்பக் கூலி. இளஞ்செம்பனைக் காட்டில் தலைக்கு மேல் நிழலும் கிடையாது. ஒரு மாதம் வெயில் படாமல் இருக்கச் சொல்லும் மருந்து அத்தகையவருக்கு ஒரு மாதக் கூலியையும் விலையாகக் கேட்கிறது. மருந்தின் பக்க விளைவுப் பட்டியலில் இந்த இழப்பு எங்கும் இடம்பெறுவதில்லை. ஆய்வகத்தில் இருளும் ஒளியும் பொத்தானுக்குக் கட்டுப்பட்டவை. தோட்டத்தில் அவற்றைத் தீர்மானிப்பது, மண்டோர் எனப்படும் மேற்பார்வையாளர் காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டு.

அண்மை அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிப் புலப்படும் ஒளியாக மாற்றித் தரும் நானோத்துகள்களால் ஆழத்தையும் நிறத்தையும் வெல்லலாம் என்று ஆதரவாளர்கள் வாதிடுவர். அத்துகள்களில் பலவற்றுக்குத் தேவையான 980 நானோமீட்டர் ஒளியை உடலின் நீர் உறிஞ்சிச் சூடேறுகிறது என்பதை அவர்களே அறிவர். அவர்கள் காட்டும் இன்னொரு சான்று பகலொளிச் சிகிச்சை: ஒளியுணர் களிம்பைப் பூசிக்கொண்டு நோயாளி இரண்டு மணி நேரம் வெளியில் இருந்தால் போதும், விளக்கும் வேண்டாம், வலியும் குறைவு. ஐரோப்பாவில் வெற்றி பெற்ற இச்சிகிச்சை முதன்மையாகக் குணப்படுத்துவது, நெடுங்கால வெயிலால் வெளிர்தோலில் தோன்றும் சொரசொரப்பான திட்டுகளை. ஆயுள் முழுதும் வெயிலில் நின்ற பகாவ் தோட்டத்துக் கருந்தோலில் அந்த நோய் அரிது.