வகுப்பறை வலைத்தளம் ஒரு பதிப்பு: சங்கரன்கோவில் ஊர் வரலாற்றை முன்வைத்து ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: வகுப்பறை வலைத்தளம், பதிப்பு, திருத்த வரலாறு, ஊர் வரலாறு, சங்கரன்கோவில்

முன்னுரை

மாணவர்களே வலைத்தளம் அமைத்துப் பாடம் கற்கும் முறை இரண்டு காரணங்களால் பாராட்டப்படுகிறது. கணினித் திறன் வளர்கிறது என்பது ஒன்று. மாணவரின் எழுத்துக்கு ஆசிரியரைத் தவிர வேறு வாசகரும் கிடைக்கின்றனர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் தளம் எப்போது கற்றல் கருவியாகிறது என்னும் வினாவுக்கு இவை விடையாகா. பிற தளங்களிலிருந்து படியெடுத்த பத்திகளைக் கொண்டே அழகிய தளம் ஒன்றை அமைத்துவிடலாம்; அதைப் பலர் படிக்கவும் கூடும். மாணவர் தளத்தைப் பதிப்பு என்று கொண்டு கற்பித்து, பதிப்பை மதிப்பிடும் முறையிலேயே மதிப்பிடும்போதுதான் அது கற்றல் கருவியாகும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

முன்னோடி முயற்சிகள்

மாணவர் எழுத்தை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசெல்லும் எண்ணம் இணையத்தோடு பிறந்ததன்று. பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தேன் ஃப்ரெனே 1920களில் தம் கிராமப் பள்ளியில் சிறு அச்சுப்பொறி ஒன்றை வைத்தார். மாணவர் எழுதியவற்றை வகுப்பு முழுவதும் கூடிப் பேசித் திருத்தியது. அதன் பின்னரே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். ஈய எழுத்தைக் கையால் கோப்பவர் ஒவ்வொரு சொல்லிலும் நின்றே கடக்க வேண்டும். நம் பள்ளிகளிலும் நூலகங்களிலும் நடைபெற்ற கையெழுத்து இதழ்களுக்கும் இந்த நிதானம் இருந்தது. வலைத்தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதும் வெளியீடு முடிந்துவிடுகிறது. எனவே வெளியீட்டுக்கு முன்னிருந்த நிதானத்தை வெளியீட்டுக்குப் பின்னான திருத்தமே ஈடுசெய்ய வேண்டும்.

இம்முறையின் மிகப் பெரிய முயற்சியான திங்க்குவெஸ்ட் இவ்விடத்தில்தான் குறைபட்டது. 1996இல் தொடங்கி, 2002இல் ஆரக்கிள் கல்வி அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்த அப்போட்டியில் பல நாட்டு மாணவர்கள் குழுக்களாக இணைந்து கல்வித் தளங்களை அமைத்தனர். ஆனால் போட்டி என்னும் வடிவத்துக்கு இறுதி நாள் உண்டு. பரிசு அறிவிக்கப்பட்டபின் தளத்தைத் திருத்துவதற்கு மாணவருக்கு என்ன தூண்டுதல் இருக்கும்? 2013இல் அத்திட்டம் மூடப்பட்டபோது அதன் தள நூலகமும் மூடப்பட்டது.

சங்கரன்கோவில்: பெயரும் வழக்கும்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலைப் பற்றி மாணவர் குழு ஒன்று தளம் அமைப்பதாகக் கொள்வோம். தலைப்பிலேயே சிக்கல் எழும். சங்கரன்கோவில், சங்கரன்கோயில், சங்கரநயினார்கோயில் என மூன்று வடிவங்கள் உள்ளன. மூன்றாவது பழைய நூல்களில் காணப்படுவது. எதைத் தலைப்பாக்குவது, ஏனையவற்றைத் தேடுவோரை எவ்வாறு இப்பக்கத்துக்குக் கொண்டுவருவது என்று முடிவெடுக்கும் மாணவர் சொல்லடைவு உருவாக்குவோரின் சிக்கலையே எதிர்கொள்கிறார். இலக்கணப் பாடத்தில் கோயிலா கோவிலா என்பது ஒரு மதிப்பெண் வினா. இங்கோ அதற்கு விளைவு உண்டு.

அடுத்தது காலம். சங்கரநாராயணர் கோயிலை உக்கிரபாண்டியர் எழுப்பினார் என்னும் செய்தி இணையப் பக்கங்கள் பலவற்றில் நூற்றாண்டுக் குறிப்புடன் சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே காணப்படுகிறது. பத்துப் பக்கங்கள் ஒன்றையே சொன்னால் பத்துச் சான்றுகள் என மாணவர் எண்ணுவது இயல்பு. அவை ஒரே மூலத்தின் பத்துப் படிகள் என்று உணர்த்துவதே பதிப்பியலின் முதற்பாடம். ஏட்டுப் படிகளை ஒப்பிடும் முறையை இளங்கலை வகுப்பில் ஏடின்றியே இவ்வாறு கற்பிக்க முடியும்.

பூலித்தேவரைப் பற்றிய பக்கம் இன்னும் கடினமானது. 1767இல் வாசுதேவநல்லூர்க் கோட்டை கும்பினிப் படையிடம் வீழ்ந்தது வரலாறு. சிறைப்பட்ட பூலித்தேவர் சங்கரன்கோவில் கோயிலில் வழிபட விரும்பி, உள்ளே சென்று மறைந்தார் என்பது ஊர் வழக்கு. இரண்டையும் ஒரே தொனியில் எழுதினால் ஊரார் மகிழ்வர். வழக்கை வழக்கு என்று குறித்தால் சிலர் வருந்தக்கூடும். வாசகர் கிடைப்பதனாலேயே எழுத்து பொறுப்புடையதாகும் என்னும் வாதம் இங்கே தளர்கிறது. வாசகர் விரும்புவதை எழுதும் அழுத்தமும் வாசகரிடமிருந்தே வருகிறது. அதற்காக வழக்கை நீக்கிவிடுவதும் தவறு. மக்கள் நினைவு எதைக் காத்துவைத்தது என்பதற்கு அதுவே சான்று. ‘என்பது வழக்கு’ என்ற தொடரை எங்கு இடுவது என்று வகுப்பு விவாதிக்கும் ஒரு மணி நேரம், என் மதிப்பீட்டில், தளத்தின் வடிவமைப்புக்குச் செலவாகும் ஒரு வாரத்தினும் பயனுடையது.

இலக்கியத்திலும் இத்தகைய இடங்கள் உண்டு. சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூர் இறைவன்மீது பாடப்பட்ட திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி அதிவீரராம பாண்டியர் பெயரில் வழங்குகிறது. வரதுங்கராம பாண்டியர் இயற்றியது என்பாரும் உளர். ஆசிரியர் பெயருக்கான கட்டத்தில் ஒரே பெயரை நிரப்பச் சொல்லும் ஆயத்த வார்ப்புரு, மாணவரை இல்லாத உறுதிக்குத் தள்ளிவிடுகிறது. வார்ப்புருவைத் திருத்தக் கற்பது இங்கே கணினிப் பாடமாக மட்டும் நில்லாமல் தமிழ்ப்பாடமாகவும் ஆகிறது.

(பழைய ஆய்வேடுகளின் எழுத்துரு ஒருங்குறிக்கு மாறாமல் சிதைவது மாணவரின் பெருங்குறை. ஒருவகையில் அது நன்மையே: படியெடுக்க முடியாததைத் தட்டச்சு செய்வோர் அதைப் படித்தாக வேண்டும்.)

திருத்த வரலாறு

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். திருத்திய இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. முதற்பதிப்பின் பெருமை இதனால் குறைந்துவிடவில்லை. 2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாற்றுப் பக்கமும் உரையாடல் பக்கமும் இருப்பது இதே மரபின் தொழில்நுட்ப வடிவம் எனலாம். 2010 கோவை செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. புதிய கட்டுரை எழுதுவோருக்குப் பரிசு என்பது நல்ல தொடக்கம். பழைய கட்டுரையைச் சான்றுடன் திருத்துவோருக்கும் அதே தகுதி தரப்பட வேண்டும் என்பதே என் வேறுபாடு.

வகுப்பறையில் இதனைச் செய்வதற்குப் பெரும் வசதி தேவையில்லை. தளத்தின் கோப்புகள் துறையிலேயே ஒரு படியாக இருக்க வேண்டும். இலவசச் சேவை மூடப்பட்டால் வேறிடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எது, எந்நாளில், எச்சான்றால் மாற்றப்பட்டது என்ற குறிப்பு வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர் புதிய தளம் தொடங்காமல் இதனையே பெற்றுத் தொடர வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் பாதியேனும் முந்தைய குழுவினரின் பக்கங்களில் அவர்கள் கண்ட பிழைகளுக்கும் சேர்த்த சான்றுகளுக்கும் உரியதாகலாம். சங்கரன்கோவில் தளத்தை இரண்டாம் ஆண்டில் பெறும் குழு கோயிலின் காலம் பற்றிய பத்தியிலிருந்து தொடங்கட்டும்.