பிரதியும் பிரதிகளும்

'பிரதி' என்ற சொல்லை நாம் இரண்டு இடங்களில் புழங்குகிறோம். விமர்சனம் எழுதும்போது அது வாசிப்புக்குத் திறந்துகிடக்கும் எழுத்து. அச்சகத்தில் நிற்கும்போது அது ஐந்நூறு, முந்நூறு என்று எண்ணப்படும் சரக்கு. முதல் பிரதியைப் பற்றி நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கின்றன; ஆசிரியன் செத்துவிட்டான் என்றுகூட அறிவித்தாயிற்று. இரண்டாவது பிரதியை யார் சுமக்கிறார்கள் என்று நாம் அதிகம் கேட்டதில்லை. சொந்தக் காசில் ஒரு ஃபாண்டஸி நாவல் போட்டு, 500 பிரதிகளில் பாதிக்கு மேல் கட்டிலுக்கடியில் வைத்திருப்பவன் என்ற முறையில் நான் கேட்கிறேன்.

என் புலம்பலைக் கேட்ட தோழர் ஒருவர் சொன்னார்: "அமெரிக்காவுல ஒரு பையன் பண்ணலியா? பதினஞ்சு வயசுல எழுத ஆரம்பிச்சு, குடும்பமே புத்தகமாப் போட்டு, லட்சக்கணக்குல வித்தானே. உனக்கு விக்கத் தெரியல, அவ்ளோதான்."

அவர் குறிப்பிட்டது கிறிஸ்டோபர் பவோலினியை, நாவல், 'எரகான்'. மொன்டானா மாநிலத்தில் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தவர் பவோலினி. 2002இல் குடும்பத்தின் சிறு பதிப்பகம் நாவலை வெளியிட்டது. கார்ல் ஹையாசென் என்ற நாவலாசிரியரின் மனைவியுடைய மகன் தற்செயலாக அதைப் படித்து ரசிக்க, அவர் தன் பதிப்பாளரிடம் சொல்ல, 2003இல் நாஃப் என்ற பெரிய பதிப்பகம் அதை மறுபடி வெளியிட்டது. திறமை இருந்தால் கதவு திறக்கும் என்பதற்கு ஊர் ஊராகச் சொல்லப்படும் உதாரணம் இது.

இனி நாவலின் கதையைப் பாருங்கள். தாய் விட்டுப்போன ஒரு பையன் தாய்மாமன் பண்ணையில் வளர்கிறான். காட்டில் ஒரு நீலக்கல் கிடைக்கிறது. அது டிராகன் முட்டை. தனக்குரியவனைச் சந்தித்தால்தான் அது பொரியும். இவனுக்குப் பொரிகிறது. நாவல் சொல்லும் கதையும் நாவலைப் பற்றிச் சொல்லப்படும் கதையும் ஒரே அச்சில் வார்த்தவை. அங்கே விதி, இங்கே திறமை. தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்ற கருத்தியல் ஃபாண்டஸியின் இலக்கணம் மட்டுமல்ல, சந்தையின் இலக்கணமும்தான்.

இந்த இலக்கணம் எதை மறைக்கிறது? பவோலினியே பேட்டிகளில் ஒளிக்காமல் சொன்ன விஷயங்களை. அவரும் குடும்பமும் பள்ளிகள், நூலகங்கள், புத்தகக் கடைகள் என்று 135க்கும் மேற்பட்ட இடங்களுக்கு அலைந்திருக்கிறார்கள். சிவப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, கயிறு கட்டிய பூட்ஸ் என்று இடைக்கால வேஷம் கட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் நாள் முழுக்க நின்று பேசியிருக்கிறார். எட்டு மணி நேரம் பேசினால், நல்ல நாளாக இருந்தால், நாற்பது பிரதி போகும். அட்டைக்கு டிராகனின் கண்ணை வரைந்தவரும் அவரே. செம்மையாக்கத்திலும் தயாரிப்பிலும் பெற்றோரின் உழைப்பு. புத்தகம் விற்றால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலை.

ஆக, சுயபதிப்பில் 'சுயம்' எங்கே இருக்கிறது? ஒரு குடும்பத்தின் கூலியில்லாத உழைப்புக்கு நாம் வைத்த பெயர் அது. பெரிய பதிப்பகம் உள்ளே வரும்போது சந்தை சோதிக்கப்பட்டுவிட்டது. சோதித்த செலவு குடும்பத்துடையது.

இதே சொல் இன்னொரு கோடியிலும் புழங்குகிறது. 2022இல் பிராண்டன் சாண்டர்சன் நான்கு நாவல்களைத் தன் சொந்த நிறுவனம் வழியாக வெளியிடப்போவதாக அறிவித்து, கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் சுமார் 1,85,000 வாசகர்களிடமிருந்து 4 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். அதற்குப் பின்னால் பெரிய பதிப்பகங்கள் பல வருஷம் வளர்த்துக் கொடுத்த வாசகர் கூட்டம் இருந்தது, சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். அதுவும் சுயபதிப்பு, என் கட்டிலடியும் சுயபதிப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில் ஒரு வர்க்க வித்தியாசம் காணாமல் போகிறது.

நாம் யோக்கியமா? சி.சு. செல்லப்பா 'எழுத்து' பிரசுரப் புத்தகங்களை மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றதை நாம் மறக்கவில்லை. ஆனால் அதை எப்படி நினைவு வைத்திருக்கிறோம்? தியாகமாக. அச்சுக்கூலி, பஸ் கட்டணம், வராத பாக்கி, வீட்டில் யார் எதைக் குறைத்துக்கொண்டார்கள் என்ற கணக்காக அல்ல. விற்றவன் தேர்ந்தெடுக்கப்பட்டவன், விற்காதவன் தியாகி. இரண்டு கதையாடலிலும் நடுவில் ஒற்றை ஆள்தான் நிற்கிறான். விற்காததே தரத்துக்கு அத்தாட்சி என்று சிறுபத்திரிகைக்காரர்கள் நாம் வளர்த்த மமதை, அவர்களுடைய விற்பனைப் பட்டியலின் மறுபக்கம்.

என் நாவலை இப்போது திரும்ப எடுத்துப் பார்த்தேன். நாயகன் அனாதை. அவனுக்குச் சோறு போட்டவள் இரண்டாம் அத்தியாயத்தில் செத்துப்போகிறாள். 'எரகா'னிலும் கதை சூடுபிடிக்கும் முன்பே தாய்மாமன் கொல்லப்படுகிறார். வளர்த்தவர்கள் போனால்தான் நாயகன் கிளம்ப முடியும் என்பது இந்த வகைமையின் சௌகரியம். நான் யோசிக்காமல் எடுத்துக்கொண்டேன். புத்தகத்தின் முதல் பக்கங்களிலும் அதையே செய்திருக்கிறேன். அச்சகத்தின் பெயர் இருக்கிறது, தாளின் அளவு இருக்கிறது. மூன்று முறை மெய்ப்புப் பார்த்த அக்கா பெயர் இல்லை. தபால் ஆபீஸில் வரிசையில் நின்ற அவள் மகன் பெயரும் இல்லை.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "இப்பதான் தெரிஞ்சுதாக்கும்?" என்றாள். "பேரு கெடக்கட்டும். கட்டிலுக்கடியில கூட்ட முடியல. அதுக்கு வழியப் பாரு."

வழி ஒன்றும் எனக்குப் பிரமாதமாகத் தெரியவில்லை. வேஷம் கட்டிக்கொண்டு நிற்பது கேவலம் என்று இனி சொல்ல மாட்டேன். அது வேலை. அடுத்த புத்தகத்தில் வரவு செலவும் உழைத்தவர்கள் பெயரும் முதல் பக்கத்திலேயே இருக்கும். நம் மதிப்புரைகளும் பிரதி என்ன சொல்கிறது என்பதோடு, பிரதிகளை யார் சுமந்தார்கள் என்று ஒரு வரியாவது கேட்கட்டும். அந்தக் கேள்வி இல்லாத கட்டுடைப்பு, வீட்டைக் கூட்டுகிறவளைப் பார்க்காமல் வீட்டைப் பற்றி எழுதிய கட்டுரைதான்.