பிரிச்சுக் காட்டு மக்களே

ஓணத்துக்கு முந்தின வாரம். தக்கலையில் ஒரு ஜவுளிக் கடை. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், கண்ணாடிக் கவருக்குள் மடிந்து கிடந்த இரட்டை வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கவரின் மேல் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் என்ன தெரியும்?

"இத ஒண்ணு பிரிச்சுக் காட்டு மக்களே."

"பிரிக்கப்பிடாது பாட்டா. பிரிச்சா எடுத்துரணும்" என்றாள் கடைப் பெண்.

"துணியப் பாக்காம எப்பிடி எடுக்கது?"

"மேல போட்டிருக்குல்லா, நூறு நம்பர், பியூர் காட்டன்னு."

"அப்பம் அந்த அட்டையத்தான் நான் உடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வேட்டியைத் திரும்ப வைத்துவிட்டார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரித்த துணி விற்காது போனால் முதலாளி அவளைத்தான் கேட்பார். ஆனால் பெரியவர் கேட்டதில் என்ன தப்பு? கத்தரிக்காயைக்கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குகிற நாம், இடுப்பில் ஐந்து வருஷம் கிடக்கப்போகிற துணியை ஒரு அட்டையை நம்பி வாங்கப் பழகிவிட்டோம்.

சரி, அந்த 'நூறு நம்பர்' என்றால் என்ன? வேட்டி கட்டுகிற நண்பர்கள் பத்துப் பேரிடம் கேட்டேன். "உசத்தி" என்றார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. நூல்காரர்கள் கணக்கில் 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். நூறாம் நம்பர் என்றால் 84,000 கஜம், ஏறக்குறைய 77 கிலோமீட்டர். தக்கலையில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டே போனால் திருவனந்தபுரம் தாண்டியும் நூல் மிச்சமிருக்கும். எடை அரைக் கிலோகூட வராது. அத்தனை மெல்லிசு.

நம்பர் பொய்யில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அது நூலின் மெலிவை மட்டும்தான் சொல்லும். ஓர் அங்குலத்தில் எத்தனை இழை ஓடுகிறது என்று சொல்லாது. மெல்லிய நூலை நெருக்கி நெய்தால் அது நல்ல வேட்டி. அதே நூலைக் கலக்கமாக விட்டு நெய்து, இடைவெளியைக் கஞ்சியால் அடைத்து, இஸ்திரி போட்டுக் கவரில் செருகினால் அதுவும் 'நூறு நம்பர்' வேட்டிதான். முதல் சலவை வரைக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும். அதனால்தான் விரலைத் துணியிடம் விடாமல் கவர் போட்டு வைத்திருக்கிறார்களோ என்று எனக்கொரு சந்தேகம்.

கஞ்சியைப் பொத்தாம் பொதுவாகத் திட்டக்கூடாது. கஞ்சியில் இரண்டு உண்டு. தக்கலையிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை தாண்டினால் பாலராமபுரம். பாலராமவர்மா மகாராஜா காலத்தில் (1798-1810) தெற்கே தமிழ்ப் பகுதியிலிருந்து கொண்டுபோய்க் குடியமர்த்திய சாலியர்கள் வளர்த்த நெசவு அங்கே. குழித்தறியில் நூறு, நூற்றிருபது நம்பர் நூலை ஓட்டுகிறவர்கள். பாவு நூலைத் தெருவில் நீளமாகக் கட்டி, அரிசிக் கஞ்சியில் தேங்காயெண்ணெய் கலந்து தடவி, பெரிய பிரஷால் நீவி நீவிக் காயவைப்பார்கள். பாவாற்றுவது என்று பேர். அச்சு அடிக்கிற அடியில் மெல்லிய நூல் அறுந்து போகாமல் இருக்க அது வேண்டும். இது நூலைக் காப்பாற்றுகிற கஞ்சி. நெய்து முடித்த பிறகு துணிமேல் அப்புகிறார்களே, அது நெருக்கமில்லாத நெசவை மூடி மறைக்கிற கஞ்சி.

எது எந்தக் கஞ்சி என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கசக்கித் தேயுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் நீங்கள் மாவுக்குக் காசு கொடுக்கிறீர்கள். கசக்கின இடத்தை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சல்லடை தெரியும். இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் வைத்து எதிரெதிராகத் தள்ளினால், கலக்கமான நெசவில் இழைகள் விலகி வழிவிடும். நெருங்கிய நெசவு அசையாது. பிறகு ஓரத்தைப் பாருங்கள். நாடா ஓடுகிற தறியில் ஊடை நூல் ஓரத்தில் திரும்பி மறுபடி உள்ளே வரும், கரை ஒழுங்காக மூடியிருக்கும். நாடாவே இல்லாத வேக மிஷினில் நூலை வெட்டிவிடுவதால் பெரும்பாலும் ஓரம் பிசிறாக நிற்கும், அல்லது நுனியை உள்ளே மடக்கியிருப்பார்கள். கரையில் கலர் இருந்தால் கைக்குட்டையை நனைத்து ஒரு தேய். கலப்படம் என்று சந்தேகமா? வீட்டுக்கு வந்தபின் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடுகு மாதிரிக் கட்டியாகும். கசவைப் பற்றிப் பேசவே வேண்டாம். இன்றைய விலையில் மினுங்குவதில் பெரும்பாலானது பொன்னுமில்லை, வெள்ளியுமில்லை.

அப்புறம் இந்த வெள்ளை வெறி. பாலராமபுரம் முண்டு வெளுக்காத நூலின் இளம் பழுப்பு. அதுதான் பஞ்சின் சொந்த நிறம். டிவி விளம்பரத்தில் வருகிற கண்ணைப் பறிக்கும் வெள்ளை, வெளுப்பு மருந்தும் ஒளிரவைக்கிற ரசாயனமும் சேர்ந்து செய்கிற வேலை. நாலு சலவையில் அது போனதும் "சோப்பு சரியில்ல" என்று வீட்டுக்காரியைச் சத்தம் போடுகிறோம். பாவம், அவளும் சோப்பை மாற்றுகிறாள்.

விளம்பரங்கள் வேட்டியை விற்பதேயில்லை, மரியாதையை விற்கின்றன. கார்க் கதவு திறக்கிறது, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், கும்பிடுகிறார்கள். நூல் என்ன, நெசவு என்ன என்று ஒரு வார்த்தை உண்டா? துணிக்கும் மரியாதைக்கும் உள்ள உறவை வேறு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் இவர்கள் பாடம் நடத்தலாம், கல்குளம் தாலுகாவுக்கு வேண்டாம். யார் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கலாம், யார் தோளில் நேரியல் கிடக்கலாம் என்று சாதி தீர்மானித்த நாடு இது. தோளில் ஒரு சீலை போடுவதற்காகப் பெண்கள் அடிபட்டு, உதைபட்டு, 1859-ல் மகாராஜாவின் உத்தரவு வரும்வரை போராடியிருக்கிறார்கள். 2014-ல் சென்னையில் வேட்டி கட்டிய நீதிபதி ஒருவரை ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்குள் விட மறுத்தபோது நாமெல்லோரும் கொதித்தோம். அந்த வருஷமே அதற்கொரு சட்டமும் வந்தது. நல்லது. அந்தக் கொதிப்பில் பத்தில் ஒரு பங்கு, அந்த வேட்டியை நெய்தவனுக்கு என்ன கூலி என்று கேட்பதில் இருந்திருக்கலாம்.

ஏனென்றால் நெசவாளிக்கு இருந்த ஒரே சாட்சி வாங்குகிறவனின் விரல்தான். நாள் பூராவும் குழியில் காலைத் தொங்கப்போட்டு அவன் நெருக்கி நெய்ததும், மிஷினில் கலக்கமாக ஓடியதும் ஒரே கவருக்குள், ஒரே அட்டையோடு அடுக்கில் கிடந்தால், விலை குறைந்தது ஜெயிக்கும். தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-லேயே சட்டம் போட்டாயிற்று. 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது. பாலராமபுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் முத்திரையும் ஓர் அட்டைதானே? அட்டையை அட்டையால் எத்தனை நாள் ஜெயிக்க முடியும்?

சட்டைக்கு அதிகம் சொல்ல வேண்டாம். உள்ளே திருப்பிப் பாருங்கள். தையலோரத்தில் நூல் தொங்குகிறதா, மடித்துத் தைத்திருக்கிறதா? காஜா பிசிறடிக்கிறதா? கட்டம் போட்ட சட்டையில் பாக்கெட்டின் கட்டமும் நெஞ்சின் கட்டமும் சேருகிறதா? அதைச் சேர்க்கத் துணி கொஞ்சம் வீணாகும். வீணாக்கத் துணிந்தவன் மற்றதையும் சரியாகச் செய்திருப்பான்.

அன்றைக்குப் பெரியவர் வெறுங்கையோடு போகவில்லை. மூலையில் ஈரிழைத் துவர்த்துக் கட்டு ஒன்று கவரில்லாமல் கிடந்தது. ஒன்றை உருவி வாசல் பக்கம் நீட்டிப் பிடித்துப் பார்த்தார். இழை இழையாக எல்லாம் தெரிந்தது. துவர்த்து எதையும் மறைக்கிற ஜாதி இல்லை. தண்ணீரைக் குடிக்கும், சீக்கிரம் உலரும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். "இது கொள்ளாம்" என்று மூன்று எடுத்துக்கொண்டார்.

நான் பில் போட நின்றபோது, தோளில் துண்டோடு இரண்டு பேர் அவசரமாக உள்ளே வந்தார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, துஷ்டி வீடு.

"கோடி போடதுக்கு ஒரு வேட்டி வேணும். இருக்கதுல விலை குறைஞ்சது எது?"

கடைப் பெண் யோசிக்கவில்லை. "அதுக்குத் தனி ரேக் இருக்கு, வாங்க" என்று முன்னால் நடந்தாள்.